ரத்தம் உறையாமல் சிட்ரேட் எப்படித் தடுக்கிறது?

ரத்தப் பரிசோதனைக்கான இளநீல மூடிக் குழாயின் அடியில் கொஞ்சம் திரவம் இருக்கும். அது சோடியம் சிட்ரேட். ரத்தம் உறையாமல் காக்கிறது. எப்படி? ரத்தமே இல்லாமல் பள்ளி ஆய்வகத்தில் பார்த்துவிடலாம்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்தால் கொழகொழவென்று வரும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால், ஒவ்வொரு சொட்டும் ஜெல்லி மணியாகத் திரளும். கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதே காரணம். அந்தக் கால்சியம் குளோரைடு கரைசலில் போதிய சிட்ரேட்டை முன்பே கலந்திருந்தால் மணி உருவாகாது. கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலும் கால்சியம் சேர்த்தால் மறுபடி திரளும். இந்தக் கடைசிப் படிதான் சோதனையின் உயிர். இதை எந்த மாணவரும் விட்டுவிடக் கூடாது. மருத்துவ ஆய்வகத்தில் உறைதல் நேரத்தை அளப்பவர்களும் சிட்ரேட் கலந்த பிளாஸ்மாவில் கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றியது சிட்ரேட்டின் துணையோடுதான்.

ஆனால் ஆல்ஜினேட்டில் போல ரத்தத்தில் கால்சியம் தானே இழை பின்னுவதில்லை. உறைதல் காரணிகளைத் தட்டணுக்களின் பரப்பில் ஒட்டவைக்கிறது. அங்கே உருவாகும் த்ராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழையாக்குகிறது. ஆகவே ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தை ஆல்ஜினேட்டில் சோதித்துப் பயனில்லை. ரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் புரதத்தைத் தூண்டித்தான் அது வேலை செய்யும். இன்னொரு உறைதல் தடுப்பு மருந்தான வார்ஃபரினோ கல்லீரலில் வைட்டமின் கே சுழற்சியைத் தடுக்கிறது. முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும்.