மீன் நோக்கும் நயன தீட்சையும்

“மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?” என்பது நாள்தோறும் நம் செவியில் விழும் சொல். பிடி கொடாமல் பேசுவோனைக் “கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்” என்பர். புலால் நீத்த சைவர் இல்லங்களிலும் இவை வழங்குகின்றன. மீன் நம் இலையில் இல்லாவிடினும் நாவில் உண்டு, சாத்திரத்திலும் உண்டு. அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆசாரியன் மாணாக்கனது பாசத்தை அறுக்கும் தீட்சை வகைகளைச் சிவஞான சித்தியாரின் எட்டாம் சூத்திரம் கூறும். அவற்றுள் மூன்றுக்கு ஆன்றோர் உவமை காட்டுவர். பறவை சிறகால் தழுவி முட்டையைப் பொரிப்பது பரிச தீட்சைக்கு. ஆமை தொலைவிலிருந்து நினைந்து பொரிப்பது மானச தீட்சைக்கு. மீன் நோக்கியே பொரிப்பது நயன தீட்சைக்கு. ஆமையின் செய்தியை மற்றொரு நாள் கூறுவோம்.

“மீன் பார்ப்பதனாலா முட்டை பொரிகிறது? விலங்கியல் நூலில் அவ்வாறு இல்லையே!” என்று கல்லூரி மாணவர் வினவுகின்றனர். வினா முறையானதே, அதட்டி அடக்கத் தக்கதன்று.

மீன்கள் எல்லாம் முட்டையைக் காப்பன அல்ல. காவிரியில் புதுவெள்ளம் வருங்கால் பெருங்கெண்டை இனங்கள் முட்டைகளைச் சொரிந்துவிட்டு அகன்றுவிடும். நம் சேலம், நாமக்கல் ஏரிகளில் வாழும் விராலோ வேறு. அது கரையோரப் பாசியை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் நீர்மேல் மிதக்கும். தாயும் தந்தையும் அவற்றின் கீழே காவல் நிற்கும். ஓரிரு நாளில் முட்டைகள் பொரியும். பின்னர்ச் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்த் திரிய, சில வாரம்வரை பெற்றவை உடன் செல்லும். அவற்றின் கண்ணுக்கு மூடும் இமையும் இல்லை. மாதொருபாகனைத் திருச்செங்கோட்டு மலைமேல் கண்டு வணங்கும் நமக்கு, இருவரும் கூடிக் காப்பது புதுமையாகத் தோன்றாது.

அந்நோக்கு முட்டைக்குச் சூடு தருவதில்லை; நீரின் வெம்மையே போதும். உயிர் முட்டைக்குள் முன்னரே உளது. கெடுக்க வருவனவற்றை விலக்குதலே நோக்கின் தொழில். தீட்சையும் அத்தகையதே. உயிரின் அறிவு என்றும் உள்ளது. ஆணவ மலம் அதனை மறைத்தது. குருவின் திருநோக்கு இல்லாத ஒன்றைப் புதிதாய் நட்டுவிடுவதில்லை, மறைப்பை நீக்குகின்றது. ஆதலின் உவமை பொய்யாகவில்லை. முன்னையினும் நன்கு பொருந்துகின்றது என்பதே நம் கருத்து.

இவ்விராலின் அன்பே அதற்குக் கேடாதலும் உண்டு. குஞ்சுகளின் அருகே எது வரினும் பாய்ந்து கவ்வுமாதலின், தூண்டில்காரர் அங்கேயே இரையை இறக்குவர். காவல் மீன் போனபின் குஞ்சுகளைக் கொக்கும் பிற மீன்களும் தின்று தீர்க்கும். தண்ணீரில் மீன் அழுதால் யாருக்குத் தெரியும்? திருக்குளத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் கண்ட அன்பர்கள், அவை வளருமட்டும் அங்குத் தூண்டில் இடாதிருக்கக் கோயில் பணியாளரிடம் சொல்லி வைப்பாராக.