ஒரு படை, இரு பெயர்கள்: குளப் பாஷாவின் படைவாழ்வு

1923ஆம் ஆண்டில், பிரித்தானியரின் மேலாண்மையில் இருந்த டிரான்ஸ்ஜோர்தான் அமீரகத்தின் சிறு படைப்பிரிவும் காவலர்களும் ஒன்றிணைக்கப்பட்டு ஒரே படையாக்கப்பட்டனர். அப்படைக்கு அரபு மொழியில் இடப்பட்ட பெயர் 'அல்ஜைஷுல் அரபீ'. 'அரபு இராணுவம்' என்பது இதன் பொருள். ஆங்கில ஆவணங்களோ அதனை 'அரபு லீஜியன்' என்றே குறித்தன. லீஜியன் என்பது பண்டைய ரோமப் பேரரசு தன் படையணிகளுக்கு வழங்கிய பெயராகும். அரபியர் பார்வையில் அது ஓர் இனத்தின் இராணுவம். லண்டன் பார்வையில் பேரரசின் துணைப்படை. ஒரே படை தாங்கிய இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட முரண்பாட்டில்தான் ஜான் பேகட் குளப் என்னும் படைத்தலைவரின் உயர்வும் வீழ்ச்சியும் அமைந்தன.

குளப் 1897ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையும் பிரித்தானிய இராணுவத்தின் பொறியாளர் படையில் மேஜர் ஜெனரலாக விளங்கியவர். மகனும் வுல்விச் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1915இல் அதே பொறியாளர் படையில் அதிகாரியானார். முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் மும்முறை காயமுற்றார். 1917இல் அவருடைய தாடை எலும்பு சிதைந்தது. பிற்காலத்தில் பாலைவன அரபியர் அவரை 'அபூ ஹுனைக்', அதாவது 'சிறு தாடைக்காரர்' என அன்போடு அழைத்தமைக்கு இத்தழும்பே காரணம்.

1920இல் அவர் ஈராக்கிற்கு அனுப்பப்பட்டார். அங்கே பதூவின் கோத்திரத்தாரிடையே பழகி, அவர்களுடைய பேச்சு வழக்கையும் மரபுகளையும் கற்றுத் தேர்ந்தார். 1926இல் அவர் எடுத்த முடிவு அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகும். பிரித்தானிய இராணுவப் பதவியைத் துறந்து, ஈராக் அரசின் நிர்வாக ஆய்வாளராகப் பணியேற்றார். நஜ்திலிருந்து வந்த இக்வான் படையினர் ஈராக்கின் தென்பகுதி மேய்ச்சல் கோத்திரங்களைத் தாக்கிவந்த காலம் அது. அக்கோத்திரங்களைக் காக்கும் பணியில் குளப் பெயர் பெற்றார்.

அந்த அனுபவமே 1930இல் அவரை டிரான்ஸ்ஜோர்தானுக்குக் கொண்டு சேர்த்தது. அரபுப் படையின் தலைவர் பிரெடெரிக் பீக்கிற்கு அடுத்த நிலையில் அவர் அமர்த்தப்பட்டார். பீக் தம் படைக்குக் கிராம, நகர மக்களையே தெரிந்தெடுத்து வந்தார். பதூவின்களை அடக்கப்பட வேண்டியோராகவே நிர்வாகம் கருதியது. குளப் இவ்வழக்கத்தை மாற்றினார். கொள்ளையிடும் கோத்திரங்களிலிருந்தே வீரர்களைத் தேர்ந்து, பாலைவனக் காவற்படையை அமைத்தார். பாலையின் நடுவே முதவ்வரா, பாயிர் போன்ற இடங்களில் காவற்கோட்டைகள் எழுந்தன. அங்கே வீரர்களுக்கு எழுத்தறிவும் புகட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கோத்திரங்களின் கொள்ளைப் படையெடுப்புகள் பெருமளவு இரத்தமின்றியே ஓய்ந்தன. குளப்பின் பணிகளுள் ஐயத்திற்கிடமின்றிப் பாராட்டத்தக்கது இதுவே.

1939இல் பீக் ஓய்வு பெற, படையின் முழுத்தலைமையும் குளப்பிடம் வந்தது. 1941இல் ஈராக்கில் ரஷீத் அலீ அல்கைலானியின் அரசு பிரித்தானியருக்கு எதிராக எழுந்தபோது, அதனை வீழ்த்தச் சென்ற படைகளுடன் அரபு லீஜியனும் அனுப்பப்பட்டது. தொடர்ந்து சிரியாவில் பிரான்ஸின் விஷி அரசுப் படைகளுக்கு எதிராகவும் அது போரிட்டது. அரபுப் பெயர் தாங்கிய படை, ஓர் அரபு நாட்டின் அரசை அகற்றப் பயன்பட்டது. படை எவருக்கு உரியது என்னும் வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும். போர் வெற்றிகளின் ஆரவாரத்தில் அது அமுங்கிப் போயிற்று.

அவ்வினாவிற்கு 1948ஆம் ஆண்டு பலஸ்தீனப் போரில் கடுமையான விடை கிடைத்தது. அரபு நாடுகளின் படைகளுள் மிகச் சிறந்த பயிற்சி பெற்றிருந்தது குளப்பின் படையே. ஆனால் போர்க்களத்தில் இறக்கத்தக்க அதன் வீரர்கள் ஏறத்தாழ 4,500 பேர் மட்டுமே. உயர் பதவிகளில் பெரும்பாலும் பிரித்தானிய அதிகாரிகளே இருந்தனர். படையின் செலவையும் லண்டனே வழங்கியது. போருக்குச் சில மாதங்களுக்கு முன், 1948 பிப்ரவரியில், டிரான்ஸ்ஜோர்தான் பிரதமர் தவ்ஃபீக் அபுல் ஹுதா லண்டனில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் எர்னெஸ்ட் பெவினைச் சந்தித்தார். மொழிபெயர்ப்பாளராக உடனிருந்தவர் குளப். ஐ.நா. பிரிவினைத் திட்டம் அரபியருக்கு ஒதுக்கிய பகுதிக்குள் படை நுழைவதை எதிர்க்காத பெவின், யூதர்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் நுழையலாகாது என எச்சரித்ததாக குளப் பின்னர் எழுதினார். எனவே அரபு லீஜியன் களம் புகுந்தபோதே அதன் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது. அணிவகுத்துச் சென்ற வீரர்களோ, அவர்களை வாழ்த்தி வழியனுப்பிய மக்களோ இதனை அறிந்திருக்கவில்லை.

இந்த வரையறைக்குள் அப்படை அரிய சாதனைகளையும் நிகழ்த்தியது. தெருச்சண்டையில் தம் சிறு படை கரைந்துபோகும் என அஞ்சி, பைத்துல் முகத்தஸ் நகருக்குள் நுழைய குளப் தயங்கினார். மன்னர் அப்துல்லாஹ் வற்புறுத்தவே படை நுழைந்தது. மே 28ஆம் நாள் பழைய நகரின் யூதக் குடியிருப்புப் பகுதி சரணடைந்தது. மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்த பழைய நகரம் 1967 வரை அரபியர் கைவிட்டுப் போகாமல் காக்கப்பட்டது. நகருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த லத்ரூன் மேட்டில், ஹாபிஸ் அல்மஜாலியின் தலைமையில் நின்ற வீரர்கள் இஸ்ரேலியத் தாக்குதல்களைத் திரும்பத் திரும்ப முறியடித்தனர்.

ஆயின் அதே கோடையில் லித்தா, ரம்லா ஆகிய இரு நகரங்களும் வீழ்ந்தன. ஐ.நா. விதித்த ஆயுதத் தடையை ஏற்று, பிரித்தானியா வெடிமருந்து வழங்குவதை நிறுத்திவிட்டது. பணியில் இருந்த பிரித்தானிய அதிகாரிகளையும் களத்திலிருந்து திரும்பப் பெற்றது. இராணுவப் பதவியைத் துறந்து ஒப்பந்த முறையில் பணியாற்றியதால் இந்த ஆணை குளப்பைக் கட்டுப்படுத்தவில்லை. சமவெளியில் அமைந்த இவ்விரு நகரங்களையும் காக்கத் தம்மிடம் ஆளில்லை என முடிவு செய்த அவர், அங்கே சிறு பிரிவொன்றையே நிறுத்தியிருந்தார். ஜூலை நடுவில் இஸ்ரேலியப் படை இரு நகரங்களையும் கைப்பற்றியது. 50,000க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டு, கொளுத்தும் வெயிலில் கிழக்கு நோக்கி நடந்தனர். வழியில் தாகத்தால் மடிந்தோரும் உண்டு. படைத்தலைவர் துரோகி என்ற முழக்கம் அரபு நகரங்களில் எழுந்தது. பைத்துல் முகத்தஸில் படைநடத்திய அப்துல்லாஹ் அத்தல் பின்னர் எகிப்து சென்று, 1959இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் இக்குற்றச்சாட்டை விரிவாக முன்வைத்தார்.

குளப் துரோகம் செய்தாரா? படைபலத்தைக் கணக்கிட்டால் அவருடைய முடிவு வலுவற்றதெனத் தள்ளிவிட இயலாது. லித்தாவைக் காக்கப் படையைப் பிரித்திருந்தால் லத்ரூனும், அதன்வழிப் பைத்துல் முகத்தஸும் வீழ்ந்திருக்கக் கூடும். ஆனால் இவ்வாதத்தால் மக்களின் ஐயம் தீர்ந்துவிடவில்லை; தீர்ந்திருக்கவும் முடியாது. ஓர் அரபுத் தளபதி அதே முடிவை எடுத்திருந்தால், அவரைத் தம் ஆட்சியாளர்களிடம் நிறுத்தி விளக்கம் கேட்கும் உரிமை அம்மக்களுக்கு இருந்திருக்கும். பிரித்தானியத் தளபதி, பிரித்தானியப் பணம், பிரித்தானிய வெடிமருந்து என அமைந்துவிட்ட படையில், சரியான முடிவுகூடப் பிறர் நலனுக்காக எடுக்கப்பட்டதாகவே தோன்றும். குளப்பின் நேர்மையைப் பற்றிய விவாதத்தை விட இந்த அமைப்பின் குறைபாடே நம் சிந்தனைக்குரியது.

1951 ஜூலை 20ஆம் நாள் மன்னர் அப்துல்லாஹ் மஸ்ஜிதுல் அக்ஸாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1953இல் அவருடைய பேரர் ஹுசைன் ஆட்சிப்பொறுப்பை முழுமையாக ஏற்றார். அப்போதும் படைக்கான பிரித்தானிய மானியம் ஜோர்தான் அரசின் கருவூலத்திற்குச் செல்லாமல், படையின் தனிக்கணக்கிற்கே சென்றுகொண்டிருந்தது. அரபு அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு தரக் கோரியபோது, பொறியாளர் பிரிவுக்கு அரபுத் தலைவர் ஒருவர் 1985இல் அமர்வார் என்று தமக்குக் கூறப்பட்டதாக ஹுசைன் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். மேற்குக் கரையை எல்லையிலேயே நின்று காக்க வேண்டும் என்றார் மன்னர். பின்வாங்கி வலுவான இடங்களில் நின்று உதவிக்குக் காத்திருக்கலாம் என்றார் தளபதி.

1955இல் ஜோர்தானைப் பாக்தாத் ஒப்பந்தத்தில் சேர்க்க பிரித்தானியா முயன்றபோது நாடெங்கும் கிளர்ச்சி வெடித்தது. அதனை அடக்கும் பணி குளப்பின் படைக்கே வாய்த்தது. 1956 மார்ச் 1ஆம் நாள், 20 வயதே நிரம்பியிருந்த மன்னர் ஹுசைன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மறுநாள் காலையிலேயே குளப் விமானம் ஏறினார். அன்றிரவு கெய்ரோவில் ஜமால் அப்துல் நாஸருடன் விருந்துண்டிருந்த பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிடு இச்செய்தியை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. நாஸரே இதன் சூத்திரதாரி எனப் பிரதமர் ஈடன் நம்பினார். ராளீ அன்னாப் படையின் முதல் அரபுத் தலைவரானார். லீஜியன் என்னும் ஆங்கிலப் பெயரும் மறைந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானிய ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

36 ஆண்டுகளை அரபு மண்ணில் கழித்த குளப், எஞ்சிய நாட்களை இங்கிலாந்தில் நூல்கள் எழுதியே கழித்தார். அரபியரின் தொடக்ககால வெற்றிகளைப் பற்றி 1963இலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு பற்றி 1970இலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன. இறுதிவரை அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். 1939இல் பைத்துல் முகத்தஸில் பிறந்த அவருடைய மகன் காட்ஃப்ரி இஸ்லாத்தைத் தழுவி, ஃபாரிஸ் என்னும் பெயருடன் பலஸ்தீனருக்காக எழுதிய பத்திரிகையாளராக விளங்கினார். 1986 மார்ச் 17ஆம் நாள் குளப் மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து உரையாற்றியவர், அவரைப் பதவி நீக்கிய மன்னர் ஹுசைனே.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. அம்மனிதரின் அன்பை மன்னர் மறுக்கவில்லை. தம் நாட்டின் படை தம் நாட்டவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையே நிலைநாட்டினார். அந்நியர் ஒருவரின் நல்லெண்ணம் எவ்வளவு உண்மையானதாயினும், ஒரு சமுதாயம் தன் பாதுகாப்பைத் தானே ஏற்பதற்கு அது ஈடாகாது. லித்தாவின் சாலையில் நடந்த அம்மக்கள் மிகக் கொடிய விலை கொடுத்து இதனைக் கற்றனர்.