கொரோனாவின் கள்ளச்சாவி!

குட்டீஸ்... ஆடி மாதம் அந்தியூர் போயிருக்கிறீர்களா? குருநாதசுவாமி கோவில் திருவிழாவை ஒட்டி நடக்கும் சந்தையில் குதிரைகளும், மாடுகளும் வரிசை கட்டி நிற்கும். 2020 ஆடியில் அப்படிக் கூட்டம் கூட வழியில்லை. தமிழகம் முழுவதும் ஊரடங்கு! காரணம், கண்ணுக்கே தெரியாத கொரோனா வைரஸ்.

குதிரைக்கு ஒரு கொரோனா உண்டு. மாட்டுக்கு ஒன்று உண்டு. கோழிக்கு வரும் கொரோனா, 1930களிலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பழைய எதிரி. ஆனால், கோழியிடமிருந்து அது நமக்கு ஒட்டுவதில்லை. ஏன் தெரியுமா? சாவி பொருந்தாது! கொங்குப் பாட்டிகள், 'தொறப்பு' என்பார்களே, அதே சாவிதான்.

கோவிட் வைரசின் மேல் முட்கள் இருக்கின்றன. முள்ளின் நுனிதான் சாவி. நம் மூக்கு, நுரையீரல் செல்களில் இருக்கும், 'ஏஸ்-2' என்ற புரதம்தான் பூட்டு. உண்மையில் அது ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவும் நல்ல பிள்ளை. திருடன் அதைப் பயன்படுத்திக் கொள்கிறான், அவ்வளவுதான்.

முள் அதில் மாட்டியதும், செல்லின் மேலுள்ள இன்னொரு புரதம் கத்தரிக்கோல் போல முள்ளை நறுக்கும். உடனே, குழம்பில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாவது போல, வைரசின் கொழுப்பு உறையும், செல்லின் சவ்வும் கலந்துவிடும். வைரசின் ஆர்.என்.ஏ., உள்ளே இறங்கி, 'என்னைப் போலவே நிறையச் செய்' என்று செல்லை வேலை வாங்கும்!

கொழுப்பு உறை என்பதால்தான், சோப்பு போட்டால் வைரஸ் சிதைந்து போகிறது. சரி, மூச்சு வழியே உள்ளே போய்விட்டால்? சாவியின் பல்லில் மெழுகை அப்பிவிட்டால் பூட்டைத் திறக்க முடியுமா? நம் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் அப்படித்தான் முள்ளின் நுனியில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு, திருடனின் சாவி எப்படி இருக்கும் என்று உடலுக்கு முன்பே காட்ட வேண்டுமே! 2022 மார்ச் 16 முதல், நம் நாட்டில் 12 முதல் 14 வயதினருக்கு, 'கோர்பிவேக்ஸ்' தடுப்பூசி போட்டார்கள். தயாரித்தது ஐதராபாத், 'பயாலஜிக்கல் இ' நிறுவனம். அதில் முழு வைரஸ் கிடையாது. முள்ளின் நுனியை மட்டும் ஒருவகை ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்தார்கள். வெறும் சாவி வீட்டுக்குள் புகுந்து திருடுமா என்ன? உங்கள் அக்கா, அண்ணனிடம் கேளுங்கள், போட்டிருப்பார்கள்.

திருடனும் சும்மா இல்லை. 2021 நவம்பரில் தலைகாட்டிய, 'ஒமைக்ரான்' தன் முள்ளில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதில் சரியாக ஒட்டவில்லை. தடுப்பூசி போட்டவர்களையும் தொற்றியது. ஆனால், அவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து குறைவாக இருந்தது.

அதனால் சில விஞ்ஞானிகள், போலிப் பூட்டு செய்து பார்க்கிறார்கள். செல்லில் ஒட்டாமல் தனியாக மிதக்கும் ஏஸ்-2 அது. வைரஸ் ஏமாந்து அதில் போய் மாட்டிக்கொள்ளும். சாவியை எப்படி ராவினாலும், ஏஸ்-2 பூட்டில் பொருந்தித்தானே ஆக வேண்டும்! ஆய்வு நடக்கிறது.