பழைய காருக்கு எந்த கேஸ்?

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்குக் கூட்டம் திரளும் நாட்களில், காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக் கடைகளுக்கு முன்னால் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பழைய அம்பாசடரோ மாருதி 800-ஓ மட்டும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு நிற்கும். அதிலும் ஏசி உண்டு, கேஸ்தான் இல்லை. "இதுக்கு முதல்ல இருந்த கேஸ் இப்ப வர்றதில்ல சார், வேற கேஸ் அடிச்சுக்கலாம்" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார்.

அந்த வேறு கேஸ் எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கம்ப்ரசர் போகும். சில தேர்வுகளில் உயிருக்கே ஆபத்து.

அந்த வண்டிகளில் முதலில் இருந்தது ஆர்-12. ஒரு கார்பன் அணு, இரண்டு குளோரின், இரண்டு ஃப்ளோரின் சேர்ந்த வாயு. தீப்பிடிக்காது, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில், இதை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் மிட்ஜ்லி இதை மூச்சில் இழுத்து, ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். எதனோடும் வினைபுரியாத இந்தக் குணமே பிறகு கேடாக முடிந்தது. கீழ் வளிமண்டலத்தில் சிதையாமல் மேலே போகும் இந்த வாயுவைப் புற ஊதாக் கதிர் உடைக்கிறது என்றும், அப்போது வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கிறது என்றும் 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். இத்தகைய வாயுக்களை ஒழிக்க 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. மேட்டூரில் உள்ள கெம்பிளாஸ்ட் சன்மார் உட்பட நான்கு இந்திய நிறுவனங்கள் இந்த வகை வாயுக்களைத் தயாரித்துவந்தன. 2010 தொடக்கம் வரை அவகாசம் இருந்தும், 17 மாதங்கள் முன்னதாக 2008 ஆகஸ்ட் 1-லேயே இந்தியா உற்பத்தியை நிறுத்தியது. நாம் பெருமைப்பட வேண்டிய செயல் இது.

ஓசோன் ஒருபுறம் இருக்கட்டும். ஆர்-12 பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 10,900 மடங்கு வலுவுள்ளது. ஒரு காரில் இருக்கும் 700 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் அது ஏழரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 3,300 லிட்டர் பெட்ரோல் எரித்தால்தான் அவ்வளவு புகை வரும். பழைய வண்டியில் கொஞ்சமாவது ஆர்-12 மிச்சம் இருந்தால், அதை ரெகவரி மெஷினில் உறிஞ்சி எடுக்கும் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். வால்வை அழுத்தி உஸ்ஸென்று வெளியே விடுவது எனக்குப் பொறுக்காத காரியம்.

மாற்றாக உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது ஆர்-134ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. சூடாக்கும் வலு சுமார் 1,430 மடங்கு. எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கேஸை மட்டும் மாற்றி அடித்துவிட்டுப் போக முடியாது. கம்ப்ரசருக்கு உயிர் கொடுக்கும் எண்ணெய், கேஸோடு கலந்து குழாய் முழுதும் சுற்றித் திரும்ப வர வேண்டும். ஆர்-12-இல் மினரல் ஆயில் நன்றாகக் கரையும். 134ஏ-இல் அது கரையாது. கூலிங் காயிலிலேயே எண்ணெய் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு ஓடி இறுகிவிடும். எனவே பழைய எண்ணெயை வடித்து, ஃப்ளஷ் செய்து, எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். புதிய வண்டிகளில் போடும் பிஏஜி ஆயில் இங்கே வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய குளோரின் எச்சத்தோடு அதற்கு ஒத்துப்போகாது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆர்-12 மிச்சத்தின் மேலேயே 134ஏ ஏற்றுவதும் தவறு. இரண்டும் கலந்தால் தனித்தனியாக இருப்பதைவிட அழுத்தம் கூடும்.

அடுத்தது வெயில். வெப்பம் குறைவாக இருக்கும்போது இரண்டு கேஸ்களுக்கும் அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 0 டிகிரியில் ஆர்-12-க்கு சுமார் 3.1 பார், 134ஏ-க்கு 2.9. ஆனால் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-12 15.2 பாரில் நிற்க, 134ஏ 16.8-ஐத் தொடுகிறது. முன்பு ஐந்து மடங்கு அமுக்கிய கம்ப்ரசர் இப்போது ஆறு மடங்கை நெருங்க வேண்டும். நெடுஞ்சாலையில் சென்னை நோக்கி ஓடும்போது எதிர்க்காற்று கன்டென்சரைக் காப்பாற்றிவிடும். காந்தி சாலையில் நிற்கும்போது காற்று கிடையாது. எஞ்சினின் சூடே சுற்றிச் சுற்றி அதன் மேல் வரும். 'புது கேஸ் போட்டும் கூலிங் இல்லை' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. குறை கேஸில் இல்லை. கன்டென்சருக்கு முன்னால் தனி எலக்ட்ரிக் ஃபேன் வைப்பதும், முடிந்தால் நெருக்கமான குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ கன்டென்சர் மாட்டுவதும் நம் ஊருக்கு அவசியமான செலவு. கேஸின் அளவும் பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம்தான். கூட அடித்தால் குளிர் கூடாது, அழுத்தம்தான் ஏறும்.

குறைந்த செலவில் சமையல் கேஸையே ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அதில் இருக்கும் புரொபேனும் ஐசோபியூட்டேனும் நல்ல குளிர்விப்பான்கள் என்பது உண்மை. மினரல் ஆயிலோடும் கலக்கும். நம் வீட்டுப் புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன்தான். ஆனால் அது சில பத்து கிராம், அதுவும் பற்றவைத்து மூடிய குழாய்க்குள். அந்தப் பெட்டிக்குள் யாரும் உட்கார்ந்திருப்பதும் இல்லை. காரில் 250 கிராம் வேண்டும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், நம் முழங்காலுக்கு எதிரே இருக்கிறது. அது ஓட்டையாகி முழுக் கேஸும் உள்ளே வந்தால் சுமார் 120 லிட்டர் வாயு. இரண்டரை கன மீட்டர் இடத்தில் அது ஐந்து சதவீதம். தீப்பற்ற இரண்டு சதவீதமே போதும். சமையல் சிலிண்டரில் ஈரமும் கந்தக வாசனைப் பொருளும் வேறு உண்டு.

இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவே ஒரு வழியைச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆராய்ந்திருக்கிறது. டி.எஸ்.ரவிகுமாரும் டி.மோகன்லாலும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 91 சதவீதம் 134ஏ-யோடு 9 சதவீதம் மட்டும் புரொபேன், ஐசோபியூட்டேன் சேர்த்து, மினரல் ஆயிலை மாற்றாமலே ஒரு காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிறு பங்கு எண்ணெயில் கரைந்து, அதை இளக்கி, கம்ப்ரசருக்குத் திரும்ப இழுத்துவருகிறது. எண்ணெய்ச் சிக்கலை எண்ணெயை மாற்றாமலே அவிழ்த்த இந்த யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் இது ஆய்வுக்கூடத்தில் எடை பார்த்துக் கலந்தது. பட்டறையில் கண்ணளவில் கலக்கும் காரியமல்ல.

வெளிநாடுகளில் புதிய கார்களுக்கு ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. புவி வெப்பத்துக்கு அதன் பங்கு மிகமிகச் சிறிது. ஆனால் விலை மிக அதிகம், லேசாகத் தீப்பற்றும், அதற்கென வடிவமைத்த வண்டிக்குத்தான் பொருந்தும். 134ஏ-க்கும் காலக்கெடு இருக்கிறது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றிருக்கிறது. அதன்படி இந்த வகை வாயுக்களின் அளவு 2028-இல் அதற்கு மேல் கூடாதபடி நிறுத்தப்படும், 2032-இல் 10 சதவீதம் குறையும், 2047-இல் 85 சதவீதம் குறையும். எஃப்.சி. புதுப்பித்து ஓடும் ஒரு பழைய அம்பாசடரின் மீதி ஆயுளுக்கு 134ஏ தாராளமாகக் கிடைக்கும்.

எனவே என் தேர்வு 134ஏ, முறைப்படி செய்வதானால் மட்டும். முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். கேஸ் தானாகத் தீர்வதில்லை, எங்கோ கசிகிறது. வாக்யூம் போட்டு அரை மணி நேரமாவது பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில், என்ன தேதி என்று எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை பானெட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அது இல்லாமல், பழைய வண்டிதானே என்று அடுத்த மெக்கானிக் மறுபடி மினரல் ஆயிலை ஊற்றிவிட்டால், செய்த செலவு முழுதும் கம்ப்ரசரோடு போய்விடும்.