சூடு மிஞ்சினால் தோல்வி!

வார் கேம் என்றால் முந்திச் சுடுபவருக்கே வெற்றி என்று நினைத்திருந்தேன், மெகாமெக் விளையாடும் வரை! 1984-ல் அமெரிக்காவில் பிறந்த பேட்டில்டெக் என்ற போர்டு கேமின் இலவச கம்ப்யூட்டர் வடிவம் இது. (முதலில் ஜாவா இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.) எதிராளி இல்லையா? கம்ப்யூட்டரே ஆடும்.

நான் எடுத்தது, ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் 70 டன் வார்ஹாமர் ரோபோ. இரண்டு பீரங்கிகளும் சுட்டால் 20 பாயிண்ட் சூடு, இரண்டு லேசருக்கு 6, ஓடினால் 2. ஆற்றுவதற்கு 18 ஹீட் சிங்க். ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்தான். (உங்கள் பிராசஸர் மேல் இருக்கிறதே, அதே பெயர், அதே வேலை!) சுற்றுக்கு 10 மிச்சம். இரண்டே சுற்றில் 20 சேர்ந்து, ரோபோ நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எதிரி பின்பக்கமாக வந்து நிதானமாகச் சுட்டான். முதுகில் கவசம் குறைவு.

இப்போதெல்லாம் ஒரு சுற்றில் இரண்டு பீரங்கி, அடுத்ததில் ஒன்று. நேற்று ஜெயித்தேன்.