பந்தல் பிரித்த பிறகு

தொடர் – 7

வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முருங்கைக்காய். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எடை போட்டு, விலை பேசி, லாரியும் ஏறிவிடும். அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாமும் நடக்கும். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்க்கரை பார்க்க ஒரு மேசை, பிரஷர் பார்க்க இன்னொன்று, கண்ணுக்கு ஒரு நீண்ட வரிசை. கோவையிலிருந்து கரூர் போகும் சாலையில் எந்த ஊருக்கும் இது பழகிய காட்சி. கொங்கு நாட்டில் தானம் செய்ய நினைப்பவர் மனதில் முதலில் வருவது முகாம்தான்.

கண்ணுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களை எட்டியது முகாம்கள் வழியாகத்தான். கண்புரைக்கு ஒருமுறை அறுவை செய்து லென்ஸ் வைத்துவிட்டால் பெரும்பகுதி வேலை தீர்ந்தது. பஸ்ஸில் ஏற்றிப் போய்ச் சில நாளில் பார்வையோடு கொண்டுவந்து விடலாம்.

பக்கவாதம் வந்த கைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பந்தலுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பதினைந்து நிமிடம் பயிற்சி சொல்லிக் கொடுப்பார். அச்சடித்த தாள் ஒன்றும் தருவார். மறுநாள் காலையில் அந்தத் தாளை யார் எடுத்துப் பார்ப்பது?

வெள்ளகோவில் ஒன்றியத்தில், ஊரை விட்டுத் தள்ளி ஒரு தோட்டத்துச் சாளையை எடுத்துக்கொள்வோம். இது யாரோ ஒருவரின் வீடு அல்ல. இந்தப் பகுதியில் அடிக்கடி காணக்கூடிய பல வீடுகளைச் சேர்த்துப் பிடித்த உருவம். அறுபதை நெருங்கும் ஆண். முப்பது வருடம் தறி ஓட்டியவர். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர். ஒரு விடியற்காலையில் "கையி காலு விழுந்துருச்சு." பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீடு வந்தாயிற்று. மருமகள் விடிந்ததும் கம்பெனி வேனில் மில்லுக்குப் போய்விடுகிறாள். மகன் லாரி ஓட்டுகிறான். பகலில் வீட்டில் இருப்பது மனைவி, இரண்டு மாடு, ஒரு கயிற்றுக் கட்டில்.

சிக்கல் அந்தக் கட்டிலிலேயே தொடங்குகிறது. தொய்ந்த கயிற்றில் புதைந்து கிடக்கும் மனிதர் எழுந்து உட்கார முடியாது. நல்ல கை கால் உள்ளவர்களுக்கே அது சிரமம். தூக்கி உட்கார வைக்க மனைவி பிடித்து இழுப்பது செயலிழந்த கையை. தசையின் பிடிப்பு போன தோள்மூட்டு, இழுக்க இழுக்க இறங்கிப்போகும். பிறகு வலி, வலியால் அசைவின்மை, அசைவின்மையால் இறுக்கம். இதற்குள் உறவுக்காரர் ஒருவர் வந்து திண்ணை உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துக் கெட்ட கையை மேலே தூக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் பக்கவாதத் தோளுக்குத் தலைக்கு மேலே இழுக்கும் கப்பி ஆகாது என்பது பிசியோதெரபியில் பாலபாடம்.

இந்த வீட்டுக்குத் தேவைப்படுவது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கட்டிலுக்குப் பதில் பலகை பெஞ்சு. படுக்கையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்ற முடிவு. கப்பியை அவிழ்க்கும்படி உறவுக்காரர் மனம் நோகாமல் சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பலருக்கும் வீட்டுக்கு வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைதான் நினைவுக்கு வரும். 2022 டிசம்பரில் பயனாளிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டதாக அரசு கொண்டாடியதும், 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்ததும் செய்தியாயின. அதே திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், வலிநிவாரணப் பராமரிப்புக்கு ஒரு செவிலியர், வீடு வீடாகப் போக ஒரு வாகனம் என்ற ஏற்பாடு இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருப்பூர் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். வெள்ளகோவில் அதில் ஒன்று. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், அந்தத் தகவல் பிசியோவுக்குப் போகும்.

காகிதத்தில் இது அருமையான வடிவமைப்பு. கணக்குப் போட்டால்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு நாளைக்கு ஆறு வீடு என்று வைத்துக்கொள்வோம். கொங்குப் பகுதியில் வீடுகள் நெருக்கமாக இருப்பதில்லை. தோட்டத்துக்கு ஒரு சாளை, சாளைக்கும் சாளைக்கும் நடுவே வேலி, மண்பாதை, நாய். வாரம் ஐந்து நாள் போனால் 30 வீடு. பட்டியலில் 150 பேர் இருந்தால் ஒருவருக்கு முறை வருவது ஐந்து வாரத்துக்கு ஒருதரம். வந்து இருப்பது அரை மணி நேரம். மிச்ச 34 நாளும் அந்த மனைவி கையில்தான்.

அப்படியானால் குடும்பத்துக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா? இந்தக் கேள்வியை இந்திய மருத்துவர்களே நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய 'அட்டென்ட்' ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீடு திரும்பிய பிறகும் அதிகபட்சம் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள், பிறர் துணையின்றி வாழ முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். அந்தப் பிரிவில் 47 சதவீதம். இந்தப் பிரிவிலும் 47 சதவீதம்.

சமூக நலத் திட்டங்களைப் பற்றி எழுதுகிற பலரும் இந்த ஆய்வைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவார்கள். தாண்டக் கூடாத இடம் இது. வீட்டாரின் அன்பும் ஒரு பயிற்சித் தாளும் சேர்ந்தால் தெரபி ஆகிவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி. குடும்பத்தால் எதுவும் ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டு விலகும் ஏற்பாடு போதவில்லை என்றே இத்தொடர் வாசிக்கிறது. பிசியோவின் அரை மணிக்கும் மனைவியின் 34 நாளுக்கும் நடுவே இன்னொரு ஆள் தேவைப்படுகிறது.

அந்த நடு ஆளை நெடுங்காலமாக வளர்த்துவரும் இடம் தெற்கே, தென்காசிக்குப் பக்கத்தில், ஆய்க்குடியில் இருக்கிறது. கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடற்தகுதிச் சோதனையில் மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ராணுவ மருத்துவமனையில் தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் சொந்த ஊரில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பிறகு வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் இருவர் நடத்தும் நிறுவனம், படுக்கையில் இருப்பவர் வீடு தேடிப் போகிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆய்க்குடியின் சூட்சுமம் கட்டடத்தில் இல்லை. உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீட்டுக்கு அவர்கள் தொடர்ந்து போகிறார்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் குழந்தையைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். செல்போன் செயலி வழியாக முன்னேற்றத்தைக் கண்காணித்துத் திட்டத்தை மாற்றுகிறார்கள். பயிற்சி செய்கிற கை தாயுடையது. பக்கத்தில் நின்று திருத்துகிற கண் ஊர்க்காரப் பெண்ணுடையது. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க நிபுணர் இருக்கிறார். குழந்தைகளுக்கான இந்த அமைப்பை அப்படியே முதியோர் பக்கவாதத்துக்குப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் இடைவெளி எங்கே என்பதை இது காட்டிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. 2022-ல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டுப் பல வகைத் தெரபியும் ஒரே கூரையின் கீழ் வருகின்றன.

பணம் என்றதும் வெள்ளகோவிலுக்குத் திரும்பிவிடுவோம். திருப்பூரில் வெட்டி மிஞ்சும் துணிக் கழிவையும் பஞ்சுக் கழிவையும் நூலாக்கும் ஓ.இ. மில்கள், தறிக் குடோன்கள், எண்ணெய் ஆலைகள், அரிசி ஆலைகள் என்று தொழில் உள்ள ஊர். கொடுக்க மனம் இல்லாத ஊரும் அல்ல. ஆனால் கொடுப்பவருக்குப் பொருளாகக் கொடுக்கப் பிடிக்கும். சக்கர நாற்காலி, வாக்கர், தண்ணீர் மெத்தை. முதுகில் பெயர் எழுதலாம், போட்டோ எடுக்கலாம். ஊருக்குள் ஒரு பெண்ணை அமர்த்தி, மாதாமாதம் சம்பளமும் ஸ்கூட்டிக்குப் பெட்ரோலும் கொடு என்றால் முகம் மாறும். சம்பளத்தில் எங்கே பெயர் எழுதுவது?

மலப்புறத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரண மருத்துவம், சில ஆண்டுகளில் ஊர் ஊராகத் தன்னார்வக் கிளைகளாக விரிந்தது. பெரிய கொடையாளி ஒருவரை நம்பாமல், கடைக்காரர், மாணவர், ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லாரிடமும் சில்லறையாகத் திரட்டினார்கள். வாரம் ஒருநாள் யாராவது ஒருவர் நோயாளி வீட்டுக்குப் போய் வருவதும் அந்தச் சந்தாவில் அடக்கம். 2008-ல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. முருங்கைக்காய்க்கு எடை போடும்போது சாமிக்கு என்று ஒரு தொகை ஒதுக்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

இன்னொரு சங்கடம் உண்டு. அரசின் பிசியோக்கள் ஒப்பந்த அடிப்படையில் வருபவர்கள். நல்ல வாய்ப்பு வந்தால் கிளம்பிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆள் மாறும்போது அந்த நோயாளியைப் பற்றிய அறிவும் கூடவே போய்விடுகிறது. அதற்குச் சில இடங்களில் செய்வது எளிமையானது: நோட்டு அலுவலகத்தில் இல்லாமல் நோயாளி வீட்டில் இருக்கும்.

நம் தோட்டத்துச் சாளையில் அது நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. முதல் பக்கத்தில் பிசியோ கேட்ட கேள்வி: என்ன செய்ய ஆசை? பலரும் "நடக்கோணும்" என்பார்கள். இவர் சொன்னது வேறு. மாசி மகா சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைக்க வேண்டும். அதை அப்படியே எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். தேருக்கு நிற்க வேண்டும். நிற்க முதலில் உட்கார வேண்டும். உட்காரப் பெஞ்சு வேண்டும். வடம் பிடிக்க விரல் மடங்க வேண்டும். அதற்குத் தறிக்காரருக்குப் பழகிய வேலையாக, அறுந்த நூலை முடிச்சுப் போடும் பயிற்சி, தினம் இருபது முடிச்சு.

"ஏனுங்க மேடம், கையி வந்துருமுங்களா?" என்கிறார் மனைவி.

"இன்னிக்கே சொல்ல முடியாதுங்கம்மா. போன தடவை ரெண்டு முடிச்சு. இப்ப ஏழு விழுந்திருக்கு, பாருங்க."

நோட்டில் புதிய வரி ஏறுகிறது. அடுத்த முறைக்குள், கோலை ஊன்றித் திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை, 22 எட்டு. மனைவி எட்டிப் பார்த்துத் திருத்துகிறார்:

"துவைக்கிற கல்லைச் சுத்திப் போகோணுமுங்க மேடம். இருபத்தி ஆறு ஆகும்."

(தொடரும்)