அடுப்பும் ஆடும், படகும் ஆடும்! நடுக்கடலில் சமையல் எப்படி?

ஐயம்பேட்டை:-

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சோறு உள்ளே இருந்தே வந்துவிடும். ஆறிப்போயிருந்தால், "சூடு பண்ணிக் கொண்டா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

நடுக்கடலில் பாய்மரப் படகில் போகிறவர் யாரிடம் குரல் கொடுப்பார்?

இரண்டே பேர்

கடற்படைப் பெண் அதிகாரிகள் ரூபாவும் தில்னாவும் 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் 'தாரிணி' படகில் ஏறினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். தில்னா கோழிக்கோட்டுக்காரர். உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே 29-ந் தேதி திரும்பினார்கள். படகில் வேறு ஆள் கிடையாது. சமையல்காரரும் கிடையாது.

நியூசிலாந்தில் இருந்து பாக்லாந்து தீவுக்குப் போக மட்டும் சுமார் ஒன்றரை மாதம். எலும்பைக் குடையும் குளிர். வழியில் கடை ஏது, கண்ணி ஏது?

தொட்டில் அடுப்பு

இந்த மாதிரிப் படகுகளில் அடுப்பை அசையாமல் பொருத்துவது இல்லை. இரண்டு பக்கமும் முளை கொடுத்துத் தொங்க விடுகிறார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடி, மட்டமாகவே நிற்கும். பாத்திரம் நகராமல் இருக்கக் கம்பித் தடுப்பு உண்டு. அப்படியும் பெரிய அலை அடித்தால், கொதிக்கிற குழம்பு ஆள் மேலே! ஓடிப்போய்க் காட்ட ஆஸ்பத்திரி இல்லை.

கியாஸ் பயம் வேறு. கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தட்டில் போய்த் தேங்கிவிடும். ஒரு தீப்பொறி போதும். அதனால் சமைத்து முடித்ததும் சிலிண்டரையே மூடிவிட வேண்டும். வீட்டுக்காரர்களும் படுக்கப் போகும் முன் இதைச் செய்தால் நல்லது.

பிரித்தால் சாப்பாடு

இதனால்தான் கடலோடிகள் நறுக்கி, வதக்கி, தாளித்துக்கொண்டு நிற்பது இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் டப்பாவில் அடைத்த கறிப் பலகாரம் கொண்டு போகிறார்கள். 'பை' என்று அதற்குப் பெயர். மூடியை வெட்டி எடுத்து, டப்பாவோடு அவனில் வைத்தால், மேல்மாவு பப்ஸ் மாதிரி உப்பி வரும்.

நம்ம காஞ்சீபுரம் குடலை இட்லி, மிளகும் சுக்கும் போட்டது. சாதா இட்லியைவிட அதிக நேரம் தாங்கும். ஒன்றரை மாதம் தாங்குமா?

'தாரிணி'க்குச் சாப்பாடு கொடுத்தது மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம். சமைத்த உணவைப் பாக்கெட்டில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, கொதிநீரைவிட அதிகச் சூட்டில், சுமார் 121 டிகிரியில், மறுபடி வேகவைப்பது அங்கே உள்ள முறை. கிருமி செத்துப்போகும். ஐஸ்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. வெந்நீரில் போட்டு எடுத்துப் பிரித்தால் சாப்பாடு தயார்.

ருசி வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காதுதான். ஆனால் விறைத்த கையும் காலி வயிறுமாகப் பாய்க் கயிறை இழுக்க முடியுமா? அங்கே ஒரு தட்டு சூடான சோறு மருந்துக்குச் சமம்!